துரையின் இடது காது

இடது காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

படம் வரைந்த காகிதத்தை அவர் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்து பார்த்தார். எங்கே வைத்துப் பார்த்தாலும் பெரிதாகத்தான் இருந்தது.

பூனை சோபாவில் உட்கார்ந்திருந்தது. அதற்கு இரண்டு காதும் ஒரே அளவு.

"இது யாரு?" என்றாள் மனைவி, அவர் தோளுக்குப் பின்னால் நின்று.

"துரை."

"துரைக்கு என்ன, காதுல குளவி கொட்டிடுச்சா?"

"இன்னும் முடியல. முடிச்சப்புறம் பேசு."

"முடிக்கறதுக்குள்ள அந்தக் காது காகிதத்தைத் தாண்டிப் போயிடாம பார்த்துக்குங்க."

அவர் வேலை பார்ப்பது பல் கட்டும் கூடத்தில். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே பல் செய்து அனுப்புவார்கள். செய்த பல்லைப் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவருக்குத் தெரியும். டீ குடிக்கிறவன் வெள்ளை வேறு, சிகரெட் பிடிக்கிறவன் வெள்ளை வேறு, சிரிக்காமலே இருந்துவிட்டவன் வெள்ளை வேறு. அதனால் கூடத்தில் எல்லாரும் அவரைக் கலர் என்றே கூப்பிட்டார்கள்.

அந்தக் கண்ணை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். அதுதான் தொல்லை. மனைவி நீலம் என்றால் "அது நீலமே இல்ல" என்பார். "திரைச்சீலை ஒரு பக்கம் வெளுத்திருக்கு" என்பார். "பால்ல மஞ்சள் ஒரு இழை கூட இருக்கு, பழைய பாலா?" என்பார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாத்துக்கும் நொட்டை சொல்றீங்களே, நீங்களா ஒண்ணு செஞ்சு காமிங்க பார்ப்போம்."

அந்தச் சூட்டில் வந்ததுதான் கலர் பென்சில் பெட்டி.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. முன்னால் காகிதமும் பென்சிலும் விற்பார்கள். பின்கட்டில் சாயங்காலம் வரையச் சொல்லித்தருவார்கள். விற்பதும் சொல்லித்தருவதும் ஒரே அம்மாள்தான். கலர் ஒரு வகுப்புக்குப் போனார். "அழுத்தாதீங்க. லேசா, அடுக்கடுக்கா போடுங்க. முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமே கோடு போகட்டும். கண்ணு அவசரப்பட்டாலும் கை அவசரப்படக் கூடாது" என்றார் அந்த அம்மாள். ஆயுசு முழுக்க நிறம் பார்த்த மனிதருக்கு இதற்கு மேல் என்ன வகுப்பு? கலர் அடுத்த வகுப்புக்குப் போகவில்லை.

வரைவதற்கு வீட்டில் துரையை விட்டால் ஆள் இல்லை. துரை அவர் மனைவியின் பூனை. அவளுக்குக் கல்யாணம் தாமதமாக நடந்தது. வரும்போது கூடையில் துரையும் வந்தது. யார் வீட்டுக்கு யார் வந்து சேர்ந்தார்கள் என்பதில் பூனைக்கு ஒரு தனிக் கருத்து இருந்தது. அது கலரை அதிகம் பொருட்படுத்தியதில்லை.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது துரை வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்தது.

இடது காது பெரிதாக இருந்தது.

கலர் ஒற்றைச் செருப்போடு உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்தார். பூனைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சு அசல்.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை. பெருமை.

"இங்க வா. இங்க வந்து பாரு. குளவி கொட்டிச்சான்னு கேட்டியே? அது காதே அப்படித்தான்."

மனைவி மண்டியிட்டுப் பூனையின் காதைத் தொட்டாள். மடக்கிப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள்.

"நேத்து இப்படி இல்லங்க."

"இருந்துச்சு. நீ கவனிக்கல."

"நான் கவனிக்கலயா? தினம் இதுக்குச் சீப்பு போட்டு வாரி விடறது யாரு?"

"வாரி விடறது வேற, பார்க்கறது வேற. என் தொழிலே அதுதான்."

அவள் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தோளுக்கு மேலே இரண்டு காதுகள் தெரிந்தன. அறைக்குள் நுழையும்போது ஒன்று கதவில் இடித்தது.

அன்று கலர் கண்ணுக்கு வந்தார். இடது கண்ணைப் பச்சையில் முடித்துவிட்டு வலதுக்கு வரும்போது பென்சில் முனை ஒடிந்தது. சீவினார். மறுபடி ஒடிந்தது. எப்போதோ கீழே விழுந்து உள்ளுக்குள்ளேயே நொறுங்கியிருக்க வேண்டும். சீவிச் சீவி அது கட்டைவிரல் அளவுக்கு வந்தபோது பொறுமை போய்விட்டது. பழுப்பு மஞ்சளை எடுத்து வலது கண்ணில் போட்டார். புதுப் பச்சை வாங்கியதும் மேலே ஒரு அடுக்கு கொடுத்தால் சரியாகிவிடும் என்று எழுந்துபோய்ப் படுத்தார்.

காலையில் மனைவி போட்ட சத்தத்தில் பல்விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷோடு ஓடிவந்தார்.

துரை ஒரு கண்ணால் பச்சையாகவும் ஒரு கண்ணால் மஞ்சளாகவும் அவரைப் பார்த்தது.

பூனை டாக்டர் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"பார்வை நல்லா இருக்கு. சில பூனைக்குப் பிறவியிலேயே ரெண்டு கண்ணும் ரெண்டு விதமா இருக்கும்."

"குட்டியில இருந்து என் மடியில வளர்ந்தது டாக்டர். ரெண்டும் பச்சை."

டாக்டர் கலரைப் பார்த்தார். ஒருத்தர் வீட்டு நிலவரத்தை இன்னொருத்தர் புரிந்துகொண்டதாகக் காட்டும் பார்வை. கலர் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பென்சில் ஒடிந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை எந்த முகத்தோடு சொல்வது?

"இவளுக்கு நிறம் அவ்வளவா பிடிபடாது டாக்டர்" என்றார்.

வழியெல்லாம் மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவுக்குச் சாவி போடும்போது சொன்னாள்.

"துரைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு கும்பிடு. தங்கச்சி வீட்டுல எனக்கு ஒரு அறை எப்பவும் காலியா இருக்கு."

கத்திச் சொல்லியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். மெதுவாகச் சொன்னாள்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கலர் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழுப்புப் பென்சிலை ஊசியாகச் சீவினார். படத்தில், மூக்கின் மேல், ஒரே ஒரு புள்ளி வைத்தார். கடுகளவு.

துரை அலமாரி மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. மூக்கில் ஒன்றுமில்லை. கலர் இமைக்காமல் பார்த்தார். பூனை நக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அவர் கண்ணில் நீர் கட்டியது. இமைத்தார்.

புள்ளி இருந்தது.

துரை நாக்கை நீட்டி மூக்கை ஒரு தரம் நக்கிப் பார்த்தது. பிறகு மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தது. பிறகு அவரை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கலர் படத்தைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார்.

"கலர் பென்சிலை எப்படிம்மா அழிக்கறது?" என்று கேட்டார், கடைக்குள் நுழையும்போதே.

கடைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு வகுப்போட நின்னுட்டீங்களே சார். அடுத்த வகுப்புல அதைத்தான் சொன்னேன்."

"இப்ப சொல்லுங்க."

"தேய்க்கக் கூடாது. ஒத்தி ஒத்தி எடுக்கணும். அப்பவும் முழுசா போகாது. உள்ள மெழுகு இருக்கு பாருங்க, அது காகிதத்தைப் பிடிச்சுக்கும். தடம் நிக்கும்."

"எவ்வளவு தடம்?"

"உங்க கை எவ்வளவு அழுத்திச்சோ அவ்வளவு." மாவு மாதிரி பிசைகிற ரப்பர் ஒன்றை எடுத்து வைத்தார். "எதை அழிக்கப் போறீங்க?"

"காது."

"ஐயோ பாவம்" என்றார் அந்த அம்மாள், பூனையை நேரில் தெரிந்தவர்போல.

புள்ளி சுலபமாகப் போயிற்று. மூக்கில் அந்த இடம் மட்டும் சலவை செய்ததுபோல் வெளுத்தது. பரவாயில்லை. கலர் ரப்பரை உருட்டிக் காதின் மேல் வைத்தார். ஒத்தினார். இன்னும் ஒத்தினார். பொறுமை போய்த் தேய்த்தார்.

துரை பின்னங்காலைத் தூக்கி இடது காதைச் சொறியப் போனது. கால் வெறுங்காற்றைச் சொறிந்தது. இன்னொரு தரம் முயன்றது. வலி இல்லை போலும். வைத்த இடத்தில் ஒரு பொருளைக் காணாதவர்களின் முகம் மட்டும் அதற்கு இருந்தது.

கலர் அவசர அவசரமாகப் புதுக் காது போட்டார். அவசரத்தில் அது சின்னதாகிவிட்டது. சரி, வலதை அதற்குச் சமமாக்கலாம் என்று வலதை அழித்துப் போட்டார். அது இன்னும் சின்னதாகிவிட்டது. பிறகு வலதுக்குத் தக்கபடி இடது. பிறகு இடதுக்குத் தக்கபடி வலது. பூனைகளுக்கு அப்பம் பங்கு போட்ட குரங்கின் கதையாகப் போயிற்று. ஒரே வித்தியாசம், இங்கே குறைந்துகொண்டே வந்தது பூனை.

கடைசியில் துரைக்குப் பட்டாணி அளவில் இரண்டு காதுகள் மிஞ்சின. பெரிதாக்கலாம் என்று பார்த்தால் காகிதம் வழுவழுவென்று ஆகிவிட்டது. பென்சில் வழுக்கிக்கொண்டு போனது, நிறம் ஒட்டவில்லை.

மனைவி வெளியே போய்விட்டு வந்தாள். துரை ஓடிப்போய் அவள் காலைச் சுற்றியது. அவள் குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"துரை காது எங்க?"

"இருக்கே."

"எங்க இருக்கு?"

"குளிருக்கு மடக்கி வச்சிருக்கும்."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பழுப்பு. மேஜையைப் பார்த்தாள். செய்தித்தாளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் உருவவில்லை.

"அப்படியா" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, தங்கச்சி வீட்டுப் பேச்சு இல்லை. தப்பித்தோம் என்று கலர் மூச்சுவிட்டார்.

அதன்பிறகு அவள் குரலை உயர்த்தவே இல்லை. காய் வாங்கப் போகிறேன் என்று சாயங்காலம் கிளம்புவாள். வெறும் பையோடு வருவாள். "காய் எங்க?" என்றால் "நல்லா இல்ல" என்பாள். வீட்டில் இருக்கும் நேரத்தில் அவரையே உற்று உற்றுப் பார்த்தாள். அவர் சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்து எழுந்தால் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. கலருக்கு அது பிடித்திருந்தது.

வாலைக் கெடுத்தது அவருடைய உள்ளங்கை. படத்தின் மேல் கையை ஊன்றியபடி மூக்கின் வெளுப்புக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தபோது வால் நெடுகிலும் இழுபட்டுப் புகையாகியிருந்தது.

துரையின் வாலுக்கு இப்போது ஓரம் இல்லை. எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. அது நடந்துபோனால் பின்னால் காற்றில் சாம்பல் நிறம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கலைந்தது. சோபா உறையில் படிந்தது. சுவரில் படிந்தது. கலர் ஈரத்துணியோடு பின்னாலேயே போய்த் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டு வேலையெல்லாம் செய்யறீங்க" என்றாள் மனைவி.

"ஏன், செய்யக் கூடாதா?"

"செய்யுங்க, செய்யுங்க. கொஞ்சம் முகத்தை இப்படித் திருப்புங்க."

திருப்பினார். அவள் பார்த்துவிட்டுப் போனாள்.

பல் கூடத்தில் மெழுகு வேலை செய்கிறவருக்கு மெழுகு என்றே பெயர். கலரின் பக்கத்து இருக்கை. அவர் விளக்கைத் தள்ளிவிட்டுக் கலரைப் பார்த்தார்.

"என்ன கலர், ஆளே பாதியா இளைச்சுட்டீங்க?"

"கவலை."

"தலை வேற கறுத்திருக்கு."

"கவலைதான்."

"கவலைக்கு முடி கறுக்குமாய்யா?"

"கறுக்கும், கறுக்கும்" என்றார் கலர், கையில் இருந்த கடைவாய்ப் பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கழுத்துல ஒரு மரு இருந்துச்சே, எடுத்துட்டீங்களா?"

"எந்த மரு?"

"சரியாப் போச்சு. ஊர்ப் பல்லையெல்லாம் பார்க்கறீங்க. சொந்தக் கண்ணாடியைப் பார்க்கறதில்லையா?"

கலர் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கொஞ்ச நாளாக அது இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டும் என்று நினைத்தார். அடுத்த நொடி மறந்துவிட்டார். அவர் மனமெல்லாம் வாலில் இருந்தது.

வாலை ரப்பரால் சரிசெய்யப் போய் வயிறு போயிற்று. தேய்த்த இடத்தில் காகிதம் மெலிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். துரை ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றின் வழியாக ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையும் தெரிந்தது. சட்டையின் நிறத்தைக்கூடக் கலர் சொல்லியிருப்பார்.

அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் டேப் ஒட்டினார். பட்டையாக, நாலு வரிசை.

வயிறு அடைபட்டது. ஆனால் துரை நடக்கும்போது சரசர என்றது.

"யாருங்க அங்க பொட்டலம் பிரிக்கறது?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"துரை."

"துரைக்கு யாரு பொட்டலம் கொடுத்தா?"

துரைக்கு உடம்பு மடங்கவில்லை. உட்காரப் பார்த்தது, முடியவில்லை. சுருண்டு படுக்கப் பார்த்தது, முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, நின்றவாக்கில் பலகையைப்போல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. விழுந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு கண் பச்சையாக, ஒரு கண் மஞ்சளாக.

மனைவி வந்து நின்று பார்த்தாள். படுக்கையறைக்குப் போனாள். பரணிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது.

கலர் புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார். ஒட்டுவேலை போதும், துரையை முதலிலிருந்து, பழையபடி, முழுதாக வரைந்துவிடுவது. வேறு வழியில்லை. பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்தார். பச்சையும் புதிதாக வாங்கி வைத்திருந்தார். முதல் கோடு போடக் கையை வைத்தார்.

பழையபடி என்றால் எப்படி?

வெள்ளை எந்தக் காலில்? நெற்றியில் எத்தனை கோடு? மூக்கு என்ன நிறம்? போனை எடுத்துப் பழைய படங்களைத் தேடினார். பழைய படம் ஒவ்வொன்றிலும், மனைவியின் மடியிலும் மொட்டைமாடியிலும் மெத்தையிலும், பட்டாணிக் காதும் புகை வாலுமாகத் துரை அவரைத் திரும்பிப் பார்த்தது. கலர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பழைய துரை இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி பாதி நிறைந்திருந்தது. கலர் காகிதத்தையும் பலகையையும் எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார். சரசரத்துக்கொண்டிருந்த துரையைத் தூக்கி வந்து சுவரோரம் சாத்தி வைத்தார்.

"துரைக்கு எந்தக் கால்ல வெள்ளை?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை.

"முன்னங்கால். இடது. மணிக்கட்டு வரைக்கும்தான். வெள்ளைன்னா பால் வெள்ளை இல்ல. கழுவி வச்ச சங்கு மாதிரி."

கலர் ஏதோ சொல்ல வந்தார். துரையைப் பார்த்தார். சொல்லவில்லை.

"அப்புறம்?"

"நெத்தியில மூணு கோடு. நடுவுல இருக்கறது கொஞ்சம் வலது பக்கம் வளையும்."

"மூக்கு?"

"செங்கல் நிறம். பயந்தா வெளிறும். இப்ப கொஞ்ச நாளா வெளிறித்தான் இருக்கு."

"காது?"

அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டும் ஒரே அளவு. இடது காது நுனியில ஒரு கிழிசல். குட்டியா இருக்கும்போது வேலியில மாட்டிக்கிச்சு. நான்தான் எடுத்துவிட்டேன். என் கையைப் பிறாண்டிட்டு, அப்புறம் அந்த இடத்தையே நக்கிக் கொடுத்துச்சு. நீங்க அந்தக் கிழிசலைப் பார்த்ததே இல்ல."

"இல்ல" என்றார் கலர்.

அவள் சொல்லச் சொல்ல அவர் போட்டார். லேசாக, அடுக்கடுக்காக. கழுத்து முடி எந்தப் பக்கம் படுக்கும், வயிற்றில் எங்கே சுழி, மீசையில் எது கறுப்பு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். எதையும் அவர் மறுக்கவில்லை. அவள் சொன்ன நிறத்தையே தேடி எடுத்தார். இத்தனை வருடத்தில் அவர்கள் ஒரு விஷயத்தை இவ்வளவு நேரம் சேர்ந்து பேசியதில்லை.

சுவரோரம் சரசரப்பு நின்றது. வால் தன் ஓரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் கண்ணில் பச்சை மெதுவாக ஊறியது. காதுகள், முதலில் வலது, பிறகு இடது, செடி முளைப்பதுபோல் எழுந்து நின்றன. இடது நுனியில் கிழிசல்.

கலர் பென்சிலைக் கீழே வைத்தார். பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் ரப்பர் தேய்த்த தடங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

துரை எழுந்து முதுகை வில்லாக வளைத்தது. கொட்டாவி விட்டது. கட்டிலில் ஏறி, பெட்டிக்குள் இறங்கி, மடித்த துணியின் மேல் சுருண்டு படுத்தது. மனைவி குனிந்து அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பூனையைத் தூக்கி ஒரு பக்கம் விட்டுவிட்டு, பெட்டியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.

கலர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே" என்றார். "நீ சங்குன்னு சொன்னே பாரு. அது சங்கு இல்ல. சாம்பல் ஒரு இழை ஓடுது. நானாத்தான் பார்த்துச் சேர்த்தேன். நீ சொன்னபடியே போட்டிருந்தா கால் தனியா தெரிஞ்சிருக்கும். அப்புறம் அந்தச் செங்கல்..."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை, நிதானமாக.

"அப்படியா" என்றாள்.

மறுநாள் கலர் கடைக்குப் படத்தோடு போனார். உடம்பு காற்றாக இருந்தது. படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

"ஒரு ஃப்ரேம் வேணும்மா. கறுப்பு வேண்டாம். நீங்க கறுப்புன்னு வச்சிருக்கறது கறுப்பே இல்ல, கருநீலம். மரத்துல காமிங்க. இது இல்ல, இதுல சிவப்பு ஜாஸ்தி." படத்தை மேஜைமேல் விரித்தார். "இதைப் பாருங்க. ஒரே ஒரு வகுப்பு. மத்ததெல்லாம் கண்ணு. கண்ணு இருந்தா கை தன்னால வரும். கண்ணு இல்லாதவங்களுக்கு ஆயிரம் வகுப்பு எடுத்தும் புண்ணியம் இல்ல. எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு நீலத்துக்கும் பச்சைக்கும்..."

கடைக்கார அம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரையே பார்த்தார். தலையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கழுத்தை எட்டிப் பார்த்தார். தெரிந்த பாட்டைக் கேட்பவர்போல் தலையாட்டிக்கொண்டார்.

"என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க?"

"வேற ஒண்ணும் இல்ல சார். சாயங்கால வகுப்புல உங்க வீட்டம்மா தினம் உங்களைத்தான் வரையறாங்க. தொப்பை, நரை, கழுத்து மரு எல்லாம் சரி பண்ணிட்டாங்க, வாய் மட்டும் பிடிக்கலையாம், அதை அழிக்க இப்பதான் ரப்பர் வாங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க."